பொங்கலுக்கு முந்தின நாள் பேர்

1

நான் வெளிநாட்டில் இருக்கிறேன் என்று இங்கே யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். இந்தியப் பிரஜை என்று பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தித்தான் என்னைக் கப்பல் ஏற்றினார்கள். இருந்தாலும் நான் பிறந்தது, எட்டாம் வகுப்பு வரை படித்தது, கல்யாணம் செய்தது எல்லாம் சிலோனில் நீங்கள் இருக்கிற அந்த மலையில்தான். இந்தப் பழனி மலைப் பக்கம் எனக்குச் சொந்தக்காரர் என்று ஒருவர்கூடக் கிடையாது. ஆகவே இதை வெளிநாட்டில் குடியேறிய ஒருவன் எழுதும் குறிப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதச் சொன்னவர் ஆறுமுகம் அண்ணன். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எனக்கு அடுத்த காம்பராவில் இருந்தவர். பிரஜாவுரிமை பிரித்தபோது அவருக்குச் சிலோன் விழுந்தது, எனக்கு இந்தியா விழுந்தது. போன தீபாவளி சமயத்தில் அவருடைய கடிதம் வந்தது. கப்பலுக்குக் காத்திருக்கும் குடும்பத்தார் அவரிடம் வந்து கேட்கிறார்களாம், இந்தியாவில் பண்டிகை நாளுக்குச் சம்பளம் உண்டா, உண்டென்றால் அதற்கு என்ன விதி என்று. எதையும் படித்துச் சரியாகச் சொல்கிறவன் நீதான், ஒரு பக்கம் எழுதி அனுப்பு, எல்லோருக்கும் வாசித்துக் காட்டுகிறேன் என்று எழுதியிருந்தார்.

ஒரு பக்கம்தானே, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இப்போது மாசி பிறந்துவிட்டது. தாமதத்துக்கு அண்ணன் மன்னிக்க வேண்டும். காரணம் கீழே இருக்கிறது.

2

நான் இருப்பது வடகவுஞ்சிக்குக் கீழே ஒரு காப்பி எஸ்டேட்டில். வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. கப்பலில் வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் கேம்பில் ஓர் அதிகாரி சொந்த ஊர் எது என்று கேட்டார். தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். அது ஊர் இல்லை என்று சொல்லிவிட்டு, என் தாத்தா எங்கேயிருந்து போனார் என்று கேட்டு அந்த ஊரை எழுதிக்கொண்டார். அந்த ஊரை நான் இதுவரை பார்த்ததில்லை. கடை வைக்கச் சொல்லிக் கடனும் கொடுத்தார்கள். ஜென்மத்தில் தராசு பிடித்ததில்லை நான். ஆறு மாதத்தில் கடையும் போயிற்று, கடன் வாங்கிய காசும் தின்று தீர்ந்தது. மலையில் வேலை இருக்கிறது என்று யாரோ சொல்ல, மனைவி சிவகாமியையும் நான்கு வயது மகள் மல்லிகாவையும் கூட்டிக்கொண்டு மேலே ஏறி வந்தேன்.

இன்றைக்கும் காலை ஐந்து மணிக்கு எழுந்து சாயத் தண்ணி போட்டுக் குடிக்கிறேன். காப்பித் தோட்டத்தில் இருந்துகொண்டு தேயிலைத் தூளைக் காசு கொடுத்து வாங்குகிறவன் நான் ஒருவன்தான் என்று பக்கத்து வீட்டுக் காளியம்மா கேலி செய்யும். ஆறரைக்குக் காப்பி காயப்போடும் களத்தில் போய் நிற்க வேண்டும். அதற்கு இங்கே மஸ்டர் என்று பெயர். நான் இன்னும் பெரட்டு என்றுதான் சொல்கிறேன். பேர் கூப்பிடுவார்கள், ஆமாங்க என்று சொல்லிவிட்டு மூங்கில் கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு போக வேண்டும். சாயங்காலம் பழத்தை அளந்து கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் பனி இறங்கியிருக்கும். இதுதான் ஒரு நாள். எல்லா நாளும் இப்படித்தான்.

மல்லிகாவுக்கு இப்போது பதினாறு. கொடைக்கானலில் மிஷன் பள்ளிக்கூடத்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். லீவுக்கு வந்தால் ஸ்வெட்டர், வார்டன், டெஸ்ட், ரிசல்ட் என்று பேசுகிறாள். ஒரு நாள் வேலைக்கு நாம் ஒரு பேர் என்று சொல்வோமே, அதைக் கேட்டால் அவளுக்குச் சிரிப்பு. அரைப் பேர் விழுந்தது என்று நான் சொன்னதை ஹாஸ்டல் பிள்ளைகளிடம் சொல்லி எல்லோருமாகச் சிரித்தார்களாம். சிரிக்கட்டும். நாம் என்ன பேசினோம், ஏன் அப்படிப் பேசினோம் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிய வேண்டும் என்ற அவசியம் இல்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

நம் தோட்டத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பண்டிகைப் பேர் வேண்டுமென்றால் பண்டிகைக்கு முந்தின நாளும் வேலைக்கு வந்து பேர் கொடுக்க வேண்டும், அடுத்த நாளும் கொடுக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் கணக்கப்பிள்ளை பண்டிகைப் பேரை வெட்டிவிடுவார். காய்ச்சல், பிள்ளைப்பேறு, எழவு எதுவும் அவரிடம் செல்லாது. அது எங்கேயாவது எழுதியிருந்ததா என்று நான் பார்த்ததில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான் நடந்தது.

இங்கே வந்த முதல் மார்கழியில் எஸ்டேட் ஆபீஸ் கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள். அடுத்த வருஷத்துக்கான விடுமுறைப் பட்டியல். நம் பக்கமிருந்து வந்தவர்கள் பதினெட்டுக் குடும்பம், அதில் தடங்கலில்லாமல் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். எல்லோரும் பின்னால் நிற்க, சத்தமாக வாசித்தேன். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம். அதற்குப் பிறகு பொங்கல், தைப்பூசம், ஆயுத பூஜை, தீபாவளி, கிறிஸ்துமஸ். இந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டு. அவ்வளவுதான் தாள்.

முந்தின நாளும் அடுத்த நாளும் பேர் கொடுக்க வேண்டுமா என்று காளியம்மா கேட்டது. தாளில் அப்படி எதுவும் இல்லை. மறுபடி ஒரு தடவை பார்த்தேன், இல்லை.

"அது எங்கேயும் உள்ளதுதானே, குடுக்கணும்" என்று சொன்னேன்.

தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாசிக்கிறவன் என்ற மிதப்பு. அந்தத் தாளில் இல்லாத ஒரு வரியை நான் என் வாயால் சேர்த்தேன், அன்றிலிருந்து எங்கள் லைனுக்கு அது சட்டமாகிவிட்டது. பொங்கல் வருவது பழம் பறிக்கும் காலத்தில். பள்ளங்கிப் பக்கமிருந்து பறிப்புக்கு வந்து தங்கியிருந்தவர்கள் இரண்டு நாள் முன்னாலேயே ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். நாங்கள் மட்டும் ஒரு தலை குறையாமல் களத்தில் போய் நிற்போம். பண்டிகைப் பேரை இப்படி அலட்சியமாக விட்டுவிட்டுப் போகிறார்களே என்று அவர்களைப் பற்றி நான் பேசியிருக்கிறேன். அவர்களுக்குச் சம்பளம் வேறு நாளில் போடுவார்கள், அதனால் அவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று நாங்கள் பார்த்ததில்லை. கேட்டதும் இல்லை.

4

மூன்றாவது பொங்கல் அது. சிவகாமிக்கு ஒரு வாரமாக இருமல். பொங்கலுக்கு முந்தின நாள் காலையில் எழுந்து உட்கார்ந்தவள் சுவரில் சாய்ந்துகொண்டே இருந்தாள். உடம்பு சுட்டது. எஸ்டேட் ஜீப் அன்றைக்குச் சாமான் வாங்கக் கொடைக்கானல் போவதாக அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இன்னைக்கு எனக்கு ஏலாம கெடக்குங்க" என்றாள். "ஜீப்பு போகுதாம். ஏறிப்போயி மிஷன் ஆஸ்பத்திரியில காட்டிட்டு வந்துரட்டா?"

"இன்னைக்குப் பேர் குடுக்காட்டி நாளைப் பேரும் போயிரும் புள்ள" என்றேன். "ரெண்டு பேராப் போயிரும். நாளைக்கு வேலை இல்லையே, நானே கூட்டிட்டுப் போறேன்."

அவள் மறுத்துப் பேசவில்லை. மறுத்திருந்தால் விட்டிருப்பேனோ என்னவோ. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு முழுக்கத் தூறல். என் வரிசைக்கு அடுத்த வரிசையில்தான் பறித்தாள். இருமும்போது செடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், பிறகு பறிப்பாள். என் கூடையிலிருந்து இரண்டு கை பழம் அள்ளி அவள் கூடையில் போட்டேன். அவளுக்கு நான் செய்த உதவி அது.

பொங்கலன்று ஜீப் டிரைவர் ஊருக்குப் போய்விட்டான். மெயின் ரோட்டுக்கு ஏறிப்போய்ப் பத்து மணியிலிருந்து நின்றேன், ஒரு லாரிகூட வரவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது மல்லிகா அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஏழு வயதுப் பிள்ளை, பாதிக் கஞ்சி பாயில் கிடந்தது.

அடுத்த நாள் சிவகாமியால் எழுந்திருக்க முடியவில்லை. அவள் பேர் போனால் போகட்டும், என் பேராவது நிற்கட்டும் என்று நினைத்தேன். காளியம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் களத்துக்குப் போனேன். பேர் கூப்பிட்டார்கள், ஆமாங்க என்றேன். பதினொரு மணி இருக்கும், கீழேயிருந்து காளியம்மா என்னைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. கம்பளியில் டோலி கட்டி நான்கு பேர் ரோட்டுக்குத் தூக்கினோம். உருளைக்கிழங்கு லாரி ஒன்று நின்றது. நெஞ்சில் சளி கட்டி நாளாகிவிட்டது, கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். இரண்டு நாள் இருந்தாள்.

அழுதேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. பெருமாள்மலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி மல்லிகாவுக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது.

5

அந்த மாதச் சம்பளத்தில் எனக்குப் பொங்கல் பேர் விழுந்திருந்தது. சிவகாமியின் கணக்கை முடித்துத் தந்தபோது அதிலும் பொங்கல் பேர் இருந்தது. அடுத்த நாள் அவள் வேலைக்கு வரவில்லையே, எப்படி என்று எனக்கு ஆச்சரியம். எஸ்டேட் ரைட்டர் தண்டபாணி, பாலசமுத்திரத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். செத்தவள் ஆயிற்றே என்று இரக்கப்பட்டு அவராகப் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். எல்லோர் முன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு சீப்பு மலைவாழைப்பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவேன். எட்டு வருஷம் போனேன். அவரும் எதற்கு என்று கேட்காமல் வாங்கிக்கொள்வார். சம்சாரத்தை விட்டு மோர் கொடுக்கச் சொல்வார், குடித்துவிட்டு வருவேன்.

6

ஆறுமுகம் அண்ணன் கடிதம் வந்ததும் எதையும் அரைகுறையாக எழுதக்கூடாது என்று தீர்மானித்தேன். இந்திய விதியை அச்சில் பார்த்துத்தான் எழுத வேண்டும். பள்ளிக்கூடத்தில் யாரிடமாவது அப்படிப் புத்தகம் கிடைக்குமா என்று மல்லிகாவுக்குச் சொல்லி அனுப்பினேன். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தபோது அவளுடைய டீச்சர் கொடுத்ததாக ஒரு சின்னப் புத்தகம் கொண்டுவந்தாள். தொழிலாளர் சட்டங்கள், தமிழில், நூறு பக்கம் இருக்கும். எனக்குக் கண் மங்கல், அதனால் அவளே வாசித்தாள். நான் சிலேட்டில் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

பண்டிகை நாளுக்கு முன்னால் உள்ள தொண்ணூறு நாளில் மொத்தம் முப்பது நாள் வேலையில் இருந்தவருக்குச் சம்பளத்தோடு விடுமுறை உண்டு என்று வாசித்தாள். மேலே என்றேன். அடுத்த விஷயம் வந்தது. முந்தின நாள், அடுத்த நாள் பற்றி இருக்கும், அதை வாசி என்றேன். அவள் தேடினாள். முன்னால் இரண்டு பக்கம், பின்னால் இரண்டு பக்கம் புரட்டினாள்.

"அப்படி ஒண்ணும் இல்லப்பா" என்றாள்.

நன்றாகப் பார் என்றேன். மறுபடி முழுவதையும் சத்தமாக வாசித்தாள். பிறகு புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ அம்மா அன்னைக்கு ஜீப்புல போயிருந்தாலும் பொங்கல் பேமெண்ட் வந்திருக்குமாப்பா?"

அவளுக்கு அந்த ஜீப் ஞாபகம் இருக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது. எழுந்து போய் அடுப்பைப் பார்த்தேன், அடுப்பில் ஒன்றும் இல்லை.

7

புத்தகம் தப்பாக இருக்கலாம் என்று நினைத்தேன். தப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்று சொல்வதுதான் சரி. ஒரு நாள் லீவு போட்டுத் திண்டுக்கல்லுக்கு இறங்கித் தொழிலாளர் ஆபீஸைத் தேடிப் போனேன். மதியம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்த குமாஸ்தா புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது, யார் மேல் புகார் என்று கேட்டார். புகார் இல்லைங்க என்றேன். அப்படியானால் எதற்காக வந்தீர்கள் என்றார். அவர் கேட்டது நியாயம்தான். என் மேல் நானே எழுதிக் கொடுக்க அங்கே ஃபாரம் இருக்குமா?

ரைட்டரிடம் போனேன். களத்து ஓரத்தில் நின்று சாக்கு எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சிவகாமி கணக்கில் பொங்கல் பேர் போட்டீர்களே, அது எதனால் என்று கேட்டேன். அவருக்கு அது நினைவிலேயே இல்லை.

"சட்டப்படி உள்ளதைத்தான போட்டிருப்பேன்" என்றார். "நான் என்ன என் கையில இருந்தா குடுத்தேன்?"

முந்தின நாள் வராவிட்டால் பண்டிகைப் பேர் போய்விடும் என்று பன்னிரண்டு வருஷமாக நாங்கள் ஓடி ஓடி வருகிறோமே, அப்படி ஒன்றும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. சாக்கை எண்ணி முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"நீங்கதான மாணிக்கம் ஒங்க ஆளுகளுக்குச் சொல்லி வச்சீங்க. ஒங்க பக்கத்து வழக்கம் போலன்னு நெனச்சேன். பழம் பழுத்துக் கெடக்கு, வெள்ளனே வந்து வரிசையா நிக்கீங்க. வந்து நிக்கிற ஆளைப் போங்கன்னு நான் எதுக்குச் சொல்லணும்?"

அதில் என்ன பிழை சொல்வது? அவர் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டவன் நான்.

அன்று சாயங்காலம் லைனில் எல்லோரையும் வைத்து விஷயத்தைச் சொன்னேன். நான் சொன்ன விதி இந்த நாட்டில் இல்லை, நானாகச் சேர்த்தது என்று சொன்னேன். யாரும் சண்டைக்கு வரவில்லை. காளியம்மா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்குச் சிவகாமியின் தலையை மடியில் வைத்திருந்தது அதுதான்.

"இதை இப்ப எதுக்குண்ணே சொல்றீங்க" என்றது.

8

கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். இதையாவது சரியாக வாசித்துக் காட்டுங்கள்.

இந்தியாவில், நான் இருக்கிற இந்தத் தமிழ்நாட்டில், எஸ்டேட்டில் பேர் பதிந்து வேலை செய்கிறவனுக்குப் பண்டிகை நாளுக்கும் தேசிய நாளுக்கும் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. தினக்கூலி என்பதால் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எந்தெந்த நாள் என்று பட்டியல் எழுதி ஒட்ட வேண்டும். அந்த நாளில் வேலைக்குக் கூப்பிட்டால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளமும் அதற்குப் பதிலாக வேறொரு நாள் சம்பளத்தோடு விடுமுறையும். இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும் உரிமை வேலைக்காரனுக்கு. மரம் வெட்டவும் பட்டை உரிக்கவும் இங்கே காண்ட்ராக்டர் என்று சொல்லும் கொந்தரப்புக்காரன் பின்னால் போகிறவர்களுக்கு இதெல்லாம் காகிதத்தில் இருந்தாலும் கைக்கு வருவதில்லை. அதனால் வருகிறவர்கள் முதலில் பேர் எங்கே பதிகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

பண்டிகைக்கு முன்னால் உள்ள தொண்ணூறு நாளில் முப்பது நாள் வேலையில் இருந்தால் போதும், முந்தின நாள், அடுத்த நாள் விதி எதுவும் நான் பார்த்த புத்தகத்தில் இல்லை. உடம்புக்கு முடியாவிட்டால் முந்தின நாளே ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

9

இந்தப் பதிலை மட்டும் மார்கழியிலேயே எழுதி முடித்தும் அனுப்பவில்லை. புத்தகம் சொல்கிறது, குமாஸ்தா சொல்கிறார், ரைட்டரும் சொல்கிறார், இருந்தாலும் என் கண்ணால் பார்க்காத ஒன்றை இரண்டாவது தடவையும் எழுதி அனுப்பக்கூடாது என்று பட்டது. பொங்கலுக்கு முந்தின நாள் நான் வேலைக்குப் போகவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. லைனில் மற்ற எல்லோரும் போனார்கள். சட்டம் இருக்கும், ரைட்டர் மனசு எப்படி இருக்குமோ என்று அவர்களுக்குப் பயம். களத்தில் பேர் கூப்பிடுகிற சத்தம் வீட்டுக்குள் கேட்டது. என் பேரையும் கூப்பிட்டார்கள், இரண்டு தடவை. நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எட்டு மணிக்கு ஜீப் கொடைக்கானலுக்குப் போயிற்று. அதையும் கேட்டேன்.

அடுத்த நாளும் போகவில்லை, பொங்கல் லீவுக்கு வந்திருந்த மல்லிகா இரண்டு நாளும் பார்த்துக்கொண்டிருந்தாள். ரைட்டர் வீட்டுக்கு இந்த வருஷம் பழமும் கொண்டுபோகவில்லை. அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

பிறகு சம்பள நாள் வரை காத்திருந்தேன். அந்த நாட்களில் என் மனசில் இருந்ததை மறைக்காமல் எழுதிவிடுகிறேன், வாசித்துக் காட்டும்போது அண்ணன் இந்த இடத்தை விட்டுவிடலாம். என் பொங்கல் பேரை அவர்கள் வெட்டிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். வெட்டினால் நான் சண்டைக்குப் போகப்போவதில்லை. வெட்டினால், இங்கேயும் அப்படித்தான், புத்தகம் ஒன்று சொன்னாலும் நடப்பு வேறு, அன்றைக்கு நான் சிவகாமியிடம் சொன்னது சரிதான் என்று ஆகும். ஒரு நாள் கூலிக்கு ஈடாக அவ்வளவு ஆறுதல் எனக்கு வேறு எங்கே கிடைக்கும்?

சம்பளத்தன்று என் முறை வந்தது. ரைட்டர் தாளைத் திருப்பி விரலால் காட்டினார். முந்தின நாள் கட்டத்தில் கோடு, அடுத்த நாள் கட்டத்தில் கோடு. நடுவில் பொங்கலன்று முழுப் பேர் விழுந்திருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானலுக்குப் போய் ஹாஸ்டல் வாசலில் மல்லிகாவைப் பார்த்தேன். பரீட்சையைப் பற்றியும் புது வார்டனைப் பற்றியும் பேசினாள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று நான் கிளம்பும்போதுதான் கேட்டாள்.

"வந்துச்சாப்பா?"

"வந்துருச்சும்மா" என்றேன்.

சரி என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.